மெசேஜை எண்ணி ஆளை எடை போடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ‘தெரு குரூப்புக்கு யாரை அட்மினாகப் போடலாம்’ என்று ஒரு வாசகர் கேட்டதற்கு நாலே வரியில் பதில் எழுதியிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் ஆளாளுக்குக் கடிதம். சினிமா கேள்விகளும் தேர்தல் கேள்விகளும் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகின்றன, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் தெரு நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் 212 பேர். புதிதாக வந்த செயலாளர் தம்பி துடிப்பானவர். ஆறு மாதமாக ஒரு மெசேஜ்கூடப் போடாத 70 பேரின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ‘இவங்கல்லாம் சும்மா இருக்கிறவங்க, தூக்கிடலாம்’ என்கிறார். அடுத்த கமிட்டிக்கும் அதிகமாக மெசேஜ் போட்ட பத்துப் பேரையே போட்டுவிடலாமாம். நான் பொருளாளர். மனசு ஒப்பவில்லை. ஆனால் என்ன சொல்லி மறுப்பது என்றும் தெரியவில்லை.
— ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

ஐயா, உங்கள் தம்பி செய்யப்போவதை நான் ஏற்கெனவே செய்து அசிங்கப்பட்டவன். அதையே சொல்லிவிடுகிறேன், அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

2023-ல் எங்கள் தெரு குரூப்புக்கு நான்தான் அட்மின். தண்டையார்பேட்டைப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேறு வேலை இல்லாமல் குரூப்பை மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்த்து, பேசாத ஆட்கள் 19 பேரை ஒவ்வொருவராக நீக்கினேன். வீடு பெருக்கின மாதிரி ஒரு திருப்தி. அந்த 19 பேரில் தெருக்கோடியில் இருக்கும் அக்கா ஒருவர். காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர், ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மத்தியானம்தான் திரும்புவார், வந்ததும் படுத்துவிடுவார். அவர் எங்கே உட்கார்ந்து டைப் அடிக்க?

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 4-ஆம் தேதி விடிந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை. எங்கள் வரிசையில் ஒரு தாத்தாவுக்கு வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ், மறுநாள் அவருக்கு முறை. குரூப்பில் படகு கேட்டு ஒரு மெசேஜ் போட்டேன். பத்து பர்சென்ட் சார்ஜை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தால் என்ன வந்தது தெரியுமா? கும்பிடு போடும் கைகள் முப்பது, எந்த ஊரோ எந்த வருஷமோ தெரியாத அணை வீடியோ ஒன்று, ‘அரசு தூங்குகிறதா’ என்று நீளமாக ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரை எழுதியவர் எங்கள் குரூப்பின் நம்பர் ஒன் பேச்சாளர், அவர் அன்றைக்கு மாம்பலத்தில் மச்சினன் வீட்டில் இருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சாயங்காலம் எதிர்வீட்டுப் பையன்தான் சொன்னான், ‘அங்கிள், கோடி வீட்டு அக்காவோட தம்பிகிட்ட போட் இருக்கே’ என்று. தண்ணீரில் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினான். ஒரு மணி நேரத்தில் தம்பியும் இரண்டு பேரும் சின்ன ஃபைபர் படகை லாரியில் ஏற்றி மெயின் ரோட்டில் இறக்கி, தள்ளிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்து வருகிறார், பள்ளம் எங்கே, மூடி இல்லாத மேன்ஹோல் எங்கே என்று ஒரு கழியால் குத்திக் குத்திப் பார்த்தபடி. தாத்தாவை ஏற்றி உட்கார வைத்ததும் என்னைப் பார்த்து, ‘ஏம்பா, குரூப்புல ஒரு வார்த்த போட்டிருந்தா காலைலயே வந்திருப்பமே’ என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். என் மனைவி சும்மா இருக்கக்கூடாதா, ‘இவர்தான் உங்கள குரூப்புலேர்ந்து எடுத்துட்டாரேக்கா’ என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: ‘அப்டியா? நாலு மாசமா ஒண்ணும் வரலியே, போனு ரிப்பேராயிடுச்சின்னு இருந்தேன்.’

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். மெசேஜ் எண்ணிக்கை எதைக் காட்டுகிறது? கையில் போன் இருக்கிற நேரத்தைக் காட்டுகிறது, தமிழில் டைப் அடிக்க வருமா என்பதைக் காட்டுகிறது, பகல் பதினொரு மணிக்கு ஓய்வாக இருப்பவர் யார் என்பதைக் காட்டுகிறது. நம்ம ஏரியாவில் அந்த நேரத்தில் யார் ஓய்வாக இருக்கிறார்கள்? ஹார்பரில் கன்டெய்னர் லாரியை வரிசையில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குபவரா, ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஷிஃப்டில் நிற்பவரா, காலையில் கடைக்குள் நுழையும்போதே போனை முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகும் எம்.சி. ரோடு ஜவுளிக்கடைப் பெண்ணா? இவர்களையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு மிச்சம் இருப்பவர்களைத் ‘துடிப்பானவர்கள்’ என்றால், அந்தத் தம்பி அளந்தது துடிப்பை இல்லை, ஓய்வு நேரத்தை.

இன்னொன்று. சார்லஸ் குட்ஹார்ட் என்று இங்கிலாந்தில் ஒரு பொருளாதார நிபுணர். பணக் கொள்கையைப் பற்றி 1975-ல் அவர் எழுதிய ஒரு கருத்து இன்றைக்கு அவர் பெயராலேயே விதியாக வழங்குகிறது. ஏதோ ஒன்றைக் கணிக்க ஒரு எண்ணைப் பார்க்கிறோம். அந்த எண்ணையே இலக்காக வைத்துவிட்டால் அது கணிக்கிற வேலைக்கு லாயக்கில்லாமல் போய்விடும், இவ்வளவுதான் அதன் சாரம். உங்கள் தெருவில் ‘மெசேஜ் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் கமிட்டி’ என்று ஒரு வார்த்தை கசியவிட்டுப் பாருங்கள், மறுநாள் காலை முதல் ரோஜாப்பூவும் காபிக் கோப்பையுமாகக் கொட்டும்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். சங்கம் பதிவு செய்ததா? அப்படியானால் அது 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகிறது, யார் உறுப்பினர், கமிட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதெல்லாம் உங்கள் துணைவிதியில் இருக்கும். சந்தா கட்டியவர் உறுப்பினர், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பிலிருந்து நீக்குவதால் யாருடைய ஓட்டும் போய்விடாது. கமிட்டியைப் பொதுக்குழுவில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், போன் திரையில் இல்லை. பொருளாளர் நீங்கள், சந்தா நோட்டு உங்கள் கையில் இருக்கிறது. அந்த 70 பேரில் எத்தனை பேர் தவறாமல் சந்தா கட்டுகிறார்கள் என்று பாருங்கள், பேசுகிற பத்துப் பேரில் எத்தனை பேர் பாக்கி என்றும் பாருங்கள். நான் பந்தயம் கட்டவில்லை, பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அதற்காக 70 பேரும் மாணிக்கம் என்று சொல்ல வரவில்லை. நாலு சாயங்காலம் உட்கார்ந்து போன் பண்ணுங்கள். சிலர் மீஞ்சூர், செங்குன்றம் என்று வீடு மாறிப் போயிருப்பார்கள், சிலருடைய நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். அவர்களை நீக்குவதில் தப்பே இல்லை.

கேள்வி: எங்கள் அப்பார்ட்மென்ட் குரூப்பில் ஒரு சார் எல்லாவற்றையும் படிக்கிறார், ‘மெசேஜ் இன்ஃபோ’வில் பார்த்தால் முதல் ஆளாக நீல டிக் விழுகிறது, ஒரு பதிலும் போடுவதில்லை. வேவு பார்க்கிறாரோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, பெரம்பூர்

நீல டிக் முதலில் யாருக்கு விழுகிறது என்று ஒவ்வொரு மெசேஜையும் அழுத்திப் பார்ப்பது நீங்கள். அப்படியென்றால் வேவு பார்ப்பது யார், தாயே?

கிண்டல் போகட்டும். இணையக் குழுக்களில் 100 பேர் இருந்தால் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், எழுதிக் குவிப்பது ஒரே ஒருவர் என்று ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 2006-ல் ஒரு கணக்குச் சொன்னார். கைக்கணக்குதான், எல்லா இடத்திலும் இம்மி பிசகாமல் பொருந்தாது. ஆனால் போக்கு அதுதான். அந்த சார் பெரும்பான்மைக் கட்சி. நீங்கள்தான் சிறுபான்மை.

கேள்வி: கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். கேம்பஸ் இன்டர்வியூவுக்காக குரூப் டிஸ்கஷன் பயிற்சி நடக்கிறது. யார் அதிகம் பேசுகிறார்களோ அவர்களுக்கே மார்க். பாதிப் பேர் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு யோசித்துத்தான் பேச வருகிறது, அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. நான் லாயக்கில்லையா?
— ஒரு மாணவி, வியாசர்பாடி

லாயக்கில்லாதது அந்த மார்க் போடும் முறை. அதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பிங்கம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் மற்றவர்களோடு சேர்ந்து இதையே சோதித்துப் பார்த்தார், 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்கள் 256 பேரை 33 குழுக்களாகப் பிரித்து, கம்ப்யூட்டரில் படை நடத்துவது, கம்பெனி நடத்துவது மாதிரி ஒரு வேலையைக் கொடுத்து, கடைசியில் ‘உங்களில் தலைவர் யார்’ என்று கேட்டார்கள். அதிக நேரம் பேசியவர்களுக்கே அதிக ஓட்டு. புத்திசாலித்தனம், குணம் எல்லாவற்றையும் தனியே கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்த பிறகும் பேச்சு நேரத்தின் செல்வாக்கு அப்படியே நின்றது. இதில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது, உனக்கு ஆச்சரியமாக இருக்காது: ஆணாக இருந்ததற்காகவே பையன்களுக்குக் கூடுதலாக ஓட்டு விழுந்திருக்கிறது.

அப்போ என்ன செய்வது? உலகத்தைத் திருத்துகிற வரைக்கும் இன்டர்வியூ காத்திருக்காது. முதல் இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு வாக்கியமாவது பேசிவிடு. பெரிய கருத்தெல்லாம் வேண்டாம், தலைப்பை எப்படிப் பிரித்துப் பேசலாம் என்று சொன்னாலே போதும். அப்புறம் நாலு பேர் கத்திக்கொண்டிருக்கும்போது ‘இவர் சொன்னதும் அவர் சொன்னதும் இந்த இடத்தில் இடிக்கிறது’ என்று ஒரு முறை சொல். யோசித்துப் பேசுகிறவர்களுக்கு இது நன்றாக வரும், ஏனென்றால் அந்த அறையில் மற்றவர் பேச்சைக் காதில் வாங்குவது அவர்கள் மட்டும்தான். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் சாப்பிடும் நேரத்தில் அவர்களோடு சண்டை போட்டே பழகிக்கொள்ளலாம், செலவில்லை.

கேள்வி: எங்கள் ஊர் குரூப்பில் ஒரு அண்ணன் ஒரு நாளைக்கு 20 மெசேஜாவது போடுகிறார். சாம்பல் விழுகிறது, கெமிக்கல் நாற்றம் வருகிறது, முகத்துவாரத்துத் தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது என்று இதே பாட்டு. எல்லாரும் ‘ரேடியோ’ என்று கிண்டல் செய்கிறார்கள். அதிகம் பேசுகிறவரை நம்பக்கூடாது என்று நீங்களும் சொல்வீர்களா?
— ஒரு வாசகர், எர்ணாவூர்

சொல்லமாட்டேன். முதல் பதிலைப் படித்துவிட்டுப் பேசாதவரெல்லாம் உத்தமர், பேசுகிறவரெல்லாம் வெத்துவேட்டு என்று யாராவது முடிவு கட்டியிருந்தால் இங்கே வந்து திருத்திக்கொள்ளட்டும். ‘குறைகுடம் தளும்பும்’ என்று சொன்ன அதே வாய்தான் ‘ஊமை ஊரைக் கெடுக்கும்’ என்றும் சொல்லிவைத்திருக்கிறது. எண்ணிக்கை அதிகமென்று தூக்கி வைப்பது எவ்வளவு தப்போ, அதிகமென்று கழித்துக்கட்டுவதும் அவ்வளவு தப்பு. இரண்டிலும் அந்த ஆள் என்ன எழுதியிருக்கிறார் என்று யாரும் படிப்பதில்லை.

உங்கள் ஊரில் 2023 டிசம்பர் மாதம் எப்படிப் போனது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்தது, படகும் வலையும் கறுத்துப்போயின. அது ஆறுவதற்குள் 26-ஆம் தேதி நள்ளிரவையொட்டிக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் சின்னகுப்பம் ஜனங்கள் கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அந்த மாதிரி ராத்திரியில் தூங்காமல் ‘நாத்தம் வருது, எழுந்திருங்க’ என்று எழுதும் ஒரு ரேடியோ தெருவுக்கு ஒன்று வேண்டும்.

அந்த அண்ணனின் மெசேஜை ஒரு வாரம் எடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். நாள், நேரம், இடம், போட்டோ, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து வாங்கின புகார் எண் இதெல்லாம் இருந்தால் அது புலம்பல் இல்லை ஐயா, அது ஒரு பதிவேடு. நாளைக்குப் பசுமைத் தீர்ப்பாயத்திலோ கலெக்டர் ஆபீஸிலோ யாராவது ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்டால் அதைத்தான் தேட வேண்டியிருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் வெறுமனே ‘நாசமாப் போச்சு, நாசமாப் போச்சு’ என்று இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுங்கள். அப்புறம், அவர் ஒருவரே 40 புகார் கொடுப்பதைவிட 40 வீட்டிலிருந்து ஆளுக்கொரு புகார் போனால் அதற்கு மதிப்பே வேறு. கிண்டல் அடிக்கிற நேரத்தில் ஆளுக்கு ஒரு போன் பண்ணலாம்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன். ‘தாத்தா, உனக்கு மொத்தமே 300 எடிட்தான், அங்க ஒருத்தருக்கு 30,000 இருக்கு’ என்று பேரன் சிரிக்கிறான்.
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பேரனிடம் இதைக் கேளுங்கள் ஐயா. ஒரு காற்புள்ளியைத் திருத்திச் சேமித்தால் ஒரு எடிட். நீங்கள் பட்டினத்தார் சமாதியைப் பற்றி நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்து, முழுக் கட்டுரையாக எழுதி ஒரே தடவையில் சேமித்தால், அதுவும் ஒரு எடிட்தான். இதில் எதை எண்ணுவது? ஆளே இல்லாமல் தானாக ஓடும் நிரல்கள்கூட அங்கே ஆயிரக்கணக்கில் எடிட் செய்கின்றன. இந்த எண்ணிக்கைப் பைத்தியத்துக்கு விக்கிப்பீடியாக்காரர்களே ஒரு வியாதிப் பெயர் வைத்திருக்கிறார்கள், டான்சில் வீங்கினால் டான்சிலைட்டிஸ் என்கிற மாதிரி ‘எடிட்கவுன்டைட்டிஸ்’. தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து இருக்கிறது, 30,000 போட்டவர்களில் ராப்பகலாக உண்மையாக உழைத்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிவிடாதீர்கள். பேரனிடம் அவனுடைய எடிட் எத்தனை என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: கேரம் கிளப்பில் ஒரு பையன் தினமும் வருகிறான், இன்னொருத்தன் வாரத்துக்கு இரண்டு நாள்தான். டோர்னமென்ட்டுக்கு யாரை அனுப்புவது?
— ஒரு வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

கேள்வி எந்த ஊரிலிருந்து வருகிறது பாருங்கள்! 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா உங்கள் பேட்டைப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுநர். நீங்கள் என்னிடம் கேட்கலாமா?

25 பாயின்ட் இல்லையென்றால் எட்டு போர்டு, இதற்குள் ஆட்டம் முடிகிறது. எதிராளிக்கு மிச்சமிருக்கும் காய் எத்தனை, ரெட் யாரிடம் என்பதுதான் நோட்டில் ஏறும். யார் எத்தனை தடவை ஸ்ட்ரைக்கரைத் தள்ளினார்கள் என்பதை எந்த அம்பயரும் எழுதி வைப்பதில்லை. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து மூன்று கேம் ஆட விடுங்கள். ஆனால் அந்த இரண்டு நாள் பையன் மிச்ச ஐந்து நாள் எங்கே போகிறான் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். மெக்கானிக் ஷாப்பில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டிருக்கப் போகிறான். அப்படியென்றால் கிளப்பை ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைப்பது உங்கள் வேலை.

கேள்வி: காலை 5 மணிக்கு ‘குட் மார்னிங்’, 9 மணிக்கு ‘இந்த நாள் இனிய நாள்’, ராத்திரி ‘இனிய இரவு’ என்று எங்கள் பெரியப்பா குடும்ப குரூப்பில் போட்டுக்கொண்டே இருக்கிறார். சொன்னால் கோபம் வரும். என்ன செய்ய?
— ஒரு வாசகி, ராயபுரம்

‘மியூட்’ என்று ஒன்று இருக்கிறது. எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வகை. எப்போதும் என்பதைப் போட்டுவிடுங்கள், அவருக்குத் தெரியாது. பெரியப்பாவோடு நேரில் கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன், உங்கள் பெரியம்மா கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.